ராணிக் கப்பலில் குழாயைப் பிடித்தது யார்

பிரபு,

நீயும் அம்மாவும் தையல் கடையில் உன் சட்டைகளை வாங்கிவரக் கிளம்பி அரை மணி நேரம் ஆகிறது. அம்மா கூட வந்தால் நேராக வீட்டுக்கு வர மாட்டாள், தெற்கு மாட வீதியில் காய்கறி பார்க்காமல் அவளால் திரும்ப முடியாது. ஆக எனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. வியாழக்கிழமை நீ கப்பலேறப் போகிறாய். அதற்குள் சொல்ல வேண்டிய ஒன்றை வாயால் சொல்ல மூன்று முறை முயன்று மூன்று முறையும் வேறு எதையோ பேசிவிட்டு எழுந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எங்கள் பழைய கப்பல்காரர்கள் குழுவில், கப்பலுக்கு விடை கொடுத்ததை ஒட்டி ஆளுக்கு ஒரு பக்கம் நினைவு எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் பேனாவை எடுத்தேன், கை உனக்கு எழுதுகிறது. இதையே அவர்களுக்கும் அனுப்பப் போகிறேன். நான் அந்தக் கதையை உன்னிடம் மட்டும் சொல்லவில்லையே, கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். திருத்துவதையும் எல்லோருக்கும் தெரியும்படிதான் செய்ய வேண்டும்.

திருத்துவது என்று எழுதிவிட்டேன். எதை எப்படித் திருத்துவது என்று எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை. படித்து முடித்தபின் உனக்கும் தலை சுற்றினால் என்னைத் திட்டாதே, எனக்கு ஒரு மாதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதையை முதலில் எழுதிவிடுகிறேன். ஐப்பசி மாதம், வங்காள விரிகுடாவில் புயல் சின்னம். எங்கள் ரோந்துக் கப்பல் எஞ்சின் பழுதான ஒரு மீன்பிடிப் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருகிறது. படகில் ஆறு பேர். கீழே எஞ்சின் அறையில் நான், கூட காதர் மாமா. அலை தூக்கிப் போட்ட வேகத்தில் எஞ்சினைச் சுற்றி ஓடும் வெந்நீர்க் குழாய் இணைப்பில் பிளந்துகொள்கிறது. எஞ்சின் நின்றால் கப்பல் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும், பின்னால் வரும் படகு நம் மேலேயே வந்து மோதும். நான் ஒரு சாக்கைச் சுற்றி இடது கையால் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். கை வெந்தது. படகு கரை சேர்ந்தது. அப்போது நீ அம்மா வயிற்றில் ஆறு மாதம். இதுதானே கதை? நீ சின்னப் பையனாக இருந்தபோது என் முழங்கைக்குக் கீழே இருக்கும் தழும்பைத் தடவிக்கொண்டு, "அப்புறம் ஏன்ப்பா நீங்க ஓடல?" என்று கேட்பாய். "ஓடினா ஆறு பேர் வீட்டுல அழுவாங்களேடா" என்பேன். ஒரு வார்த்தை மாறாமல் அதே பதில்.

நீ ப்ளஸ் டூ முடித்த கோடையில் அம்மா உன்னைக் கணக்குப் படிக்க வைக்க நினைத்தாள். உனக்கும் கணக்கு நன்றாக வரும். கல்லூரியில் இடம்கூடக் கிடைத்துவிட்டது. அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நான் எதுவும் வற்புறுத்தவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அன்றும் அந்தக் கதையைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, "உனக்குப் பிடிச்சதைப் படி" என்றேன். அப்படிச் சொன்னால் பதினேழு வயதுப் பையன் என்ன செய்வான்? மறுநாள் காலையில் நீ மரைன் எஞ்சினியரிங் என்றாய். அம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு உன் இரண்டாவது பயணத்தில் நடந்தது. எண்ணெய் சுத்திகரிக்கும் அறையில் தீ, அபாய மணி, எல்லோரும் மேலே வாருங்கள் என்று தலைமை எஞ்சினியரின் உத்தரவு. நீ மட்டும் ஒரு வால்வை மூடிவிட்டு வருகிறேன் என்று நின்றுவிட்டாய். புகையில் விழுந்து கிடந்த உன்னைத் தூக்க ஒருவர் திரும்பி இறங்க வேண்டி வந்தது. அவருக்கு இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோனதாகச் சொன்னாய். ஏதோ ஒரு துறைமுகத்து மருத்துவமனையிலிருந்து இருமிக்கொண்டே போனில் பேசினாய். "ஏன்டா நின்ன?" என்று அம்மா கத்தினாள். "அப்பா நின்னாருல்ல" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் எனக்கு அன்று என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. மறுநாள் காலை நடைக்குப் போனபோது குளத்தைச் சுற்றி நடக்கும் நாலு பேரிடம் சொன்னேன். "என் பையனும் என்னை மாதிரியே" என்றேன். அந்த வெந்த கைக்காரரைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பெயரைக்கூட நான் உன்னிடம் கேட்கவில்லை.

இனி போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நீ அப்போது மும்பையில் பரீட்சைக்குப் போயிருந்தாய்.

எங்கள் கப்பலுக்கு விடை கொடுக்கும் நிகழ்ச்சிக்குப் பழைய ஆட்களையும் அழைத்திருந்தார்கள். உனக்குத் தெரியும், அந்த வகைக் கப்பல்கள் எல்லாமே ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டவை, எல்லாவற்றுக்கும் பழைய ராணிகளின் பெயர். அதில் இரண்டில் நான் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்கு முன் ஒன்று, கல்யாணத்துக்குப் பின் ஒன்று. முதலில் கட்டியதை அக்கா கப்பல், அடுத்ததைத் தங்கச்சி கப்பல் என்போம். அக்காவை எப்போதோ ஓய்வு கொடுத்து உடைத்துவிட்டார்கள். கூடப் பிறந்தவை ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் மிச்சமிருந்தது தங்கச்சி மட்டும். அவள் போனால் அந்த வகையே இல்லை.

சாந்தோமிலிருந்து ஆல்பர்ட்டும் நானும் ஒரே ஆட்டோவில் துறைமுகம் போனோம். ஆல்பர்ட்டை நீ பார்த்திருக்கிறாய், ஈஸ்டருக்குக் கேக் கொண்டுவருவாரே, அவர்தான். அவர் மேல்தளத்து ஆள், கயிறு, நங்கூரம் எல்லாம் அவர் பாடு. நான் கீழே. இரண்டு கப்பலிலும் எங்களுக்கு ஒன்றாகவே போஸ்டிங் வந்தது. நிகழ்ச்சிக்கு இன்னும் நேரம் இருந்ததால் கப்பலைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். நான் நேராக எஞ்சின் அறை ஏணிக்குப் போனேன். முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக இறங்கினேன். இரண்டு எஞ்சினும் துடைத்து வைத்தபடி இருந்தன. டீசல் வாசனை கொஞ்சமாக இருந்தது. ஏணியின் மூன்றாவது படிக்கு அடியில் ஆணியால் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்திருந்தேன், குழாயைப் பிடித்து நின்ற அந்த நாளுக்கு அடுத்த நாள் கீறியது. குனிந்து விரலால் தடவினேன். இல்லை. இரண்டாவது படி, நாலாவது படி, எல்லாம் தடவினேன். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மழமழவென்று பெயிண்ட்தான் இருந்தது. பெயிண்டுக்கு அடியில் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கீறல் ஆழமானது, பிரபு. எத்தனை பூச்சு பூசினாலும் விரலுக்குத் தெரிய வேண்டும்.

மேலே வந்து ஆல்பர்ட்டிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இன்னாப்பா நீ, அது அக்கா கப்பல்ல நடந்தது. இதுல இன்னா தேடிக்கினு கீற?"

"இல்லப்பா, தங்கச்சிதான். பிரபு வயித்துல இருந்தப்ப."

"அட, நான் கயிறு பக்கம் நின்னுக்கினு இருந்தவன். எனக்குத் தெரியாதா? அக்காதான். ஓரத்துக் கைப்பிடிக் கம்பியில சாஞ்சு வாந்தி எடுத்துக்கினு இருந்தியே, மறந்துட்டியா?"

"நானா? நான் கீழே குழாயைப் பிடிச்சுட்டு இருந்தேன்."

ஆல்பர்ட் என் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்திருப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காதர் இல்ல பிடிச்சது?" என்றார்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. காதர் அக்கா கப்பலில் வேலை பார்த்ததே இல்லை. தங்கச்சியில்தான் வந்து சேர்ந்தான். அக்கா கப்பலில் நடந்தது என்றால் காதர் பிடித்திருக்க முடியாது. காதர் பிடித்தான் என்றால் அது அக்கா கப்பலில் நடந்திருக்க முடியாது. இதைச் சொன்னபோது ஆல்பர்ட்டும் குழம்பிவிட்டார். "அப்ப வேற யாராவது இருந்திருப்பான். ஆனா நீ மேலதான் இருந்த. அது எனக்கு நல்லா ஞாபகம் கீது" என்றார். அதற்குள் எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

சூரியன் இறங்கும் நேரம். கொடி இறக்கினார்கள், குழல் ஊதினார்கள். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் என் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிகழ்ச்சி முடிந்து, இனி கப்பலை என்ன செய்வார்கள் என்று மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் உடைப்பார்கள் என்றார், ஒருவர் எங்கோ கடற்கரையில் காட்சிக்கு வைப்பார்கள் என்றார், மூன்றாமவர் பயிற்சிக்காக நடுக்கடலில் மூழ்கடித்துவிடுவார்கள் என்றார். மூவருமே உறுதியாகச் சொன்னார்கள். அன்று நான் எதைக் கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும்போல என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டி, "இந்தத் தழும்பு எப்ப வந்தது?" என்றேன்.

"ஏன், இப்ப வலிக்குதா?"

"இல்ல. எப்ப வந்ததுன்னு சொல்லு."

"கல்யாணத்தப்பவே இருந்துதே."

"எப்படி இருக்கும்? நீ பிரபுவைச் சுமந்துட்டு இருந்தப்ப நடந்தது அது."

"நீங்க தாலி கட்டுறப்ப நான் நிமிர்ந்து உங்க மூஞ்சியைப் பார்க்கல. கையைத்தான் பார்த்துட்டு இருந்தேன். ஐயோ, எங்கேயோ வெந்துபோன கை, எந்த அடுப்புல சுட்டுக்கிட்டாரோன்னு நினைச்சேன். எனக்குத் தெரியாதா?" தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நீங்க பையன்கிட்ட அந்தக் கதையைச் சொல்றப்பல்லாம் நினைச்சுப்பேன், ஏதோ வேற தழும்பைச் சொல்றார்னு" என்றாள்.

இத்தனை வருஷமும் அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாளும் குறுக்கே பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "நீங்க சந்தோஷமா சொல்லிட்டு இருந்தீங்க" என்றாள்.

இரண்டு நாள் யோசித்துப் பார்த்துவிட்டுக் காதரைப் பார்க்கப் போனேன். அவன் வேளச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறான். மந்தைவெளியில் ரயில் ஏறினேன். யோசனையில் பெருங்குடியிலேயே இறங்கிவிட்டு, பிளாட்பாரம் பாதி நடந்தபிறகுதான் தெரிந்து அடுத்த வண்டிக்குக் காத்திருந்தேன். வழியெல்லாம் ஒரே பயம். நான் ஓடிவிட்டேன், அவன்தான் பிடித்தான் என்றால், அந்த மனிதனின் அரை மணி நேரத்தை எடுத்து இத்தனை வருஷம் என் பெயரில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் வீட்டில் உட்கார்ந்தே ஒருமுறை சொல்லியிருக்கிறேன், உனக்கு நினைவிருக்கும், அவன் மகள் கல்யாணத்தன்று. அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காதருக்கு இப்போது இடது காது கேட்பதில்லை. வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் மகள் சமோசாவும் டீயும் வைத்துவிட்டு வேலைக்கு லாகின் செய்யப் போய்விட்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"காதர், அந்தக் குழாய் வெடிச்ச அன்னிக்கு யார் பிடிச்சது? நீயா, நானா?"

அவன் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்கப் போனேன்.

"யாரும் பிடிக்கலண்ணே."

"என்னது?"

"யாரும் பிடிக்கல. அதை எப்படிண்ணே பிடிக்க முடியும்? ஆவியா அடிச்சுது. ஒண்ணுமே தெரியல. மேல வாங்கடான்னு ஏணி வாயிலேருந்து சத்தம் போட்டாங்க. நீங்க முன்னாடி ஏறினீங்க, நான் பின்னாடி ஏறினேன். எஞ்சின் சூடேறி நின்னுடுச்சு. இன்னொரு எஞ்சினை வச்சே சமாளிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க. மேல நின்னு ரெண்டு பேரும் மழையில நனைஞ்சோம். நீங்க வாந்தி எடுத்தீங்க."

"அப்ப அந்த ஆறு பேர்?"

"வந்து சேர்ந்தாங்களே. ஒருத்தர் அடுத்த வாரம் ஒரு கூடை வஞ்சிரம் கொண்டுவந்து குடுத்தாரு."

"அப்ப நான் அந்தக் கதையைச் சொல்றப்பல்லாம் நீ ஏன் சும்மா இருந்த?" என்றேன்.

"அக்கா கப்பல்ல உங்களுக்கு ஒரு தடவை அப்படி ஆச்சு, கை வெந்துதுன்னு நான் சேர்ந்த புதுசுல நீங்களே சொல்லியிருக்கீங்க. அதைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன். நடுவுல என் பேரையும் சேர்த்துச் சொல்றீங்களே, பிரியத்துல சொல்றீங்கன்னு விட்டுட்டேன்."

ஆக, பிரபு, எனக்கு இப்போது தோன்றுவது இதுதான். தோன்றுவது என்றுதான் எழுத முடிகிறது. இரண்டு கப்பலிலும் ஒரே ஏணி, ஒரே எஞ்சின், அதே இடத்தில் அதே குழாய். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா கப்பலில் ஏதோ ஒரு குழாயைப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே படகும் இல்லை, ஆறு பேரும் இல்லை. துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தபோது நடந்ததாகக்கூட இருக்கலாம். கல்யாணத்துக்குப் பின்னால் தங்கச்சி கப்பலில், புயலில், ஆறு பேர் உயிர் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தபோது, நான் ஏணியில் ஏறிவிட்டேன். இரண்டையும் எப்போது ஒன்றாகத் தைத்தேன் என்று தெரியவில்லை. பொய் சொல்கிறோம் என்று தெரிந்து ஒரு நாளும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சாக்கின் ஈரம் கையில் இப்போதும் இருக்கிறது. அது எந்தக் கப்பலின் ஈரம்? காதர் சொன்னபிறகு மழைத்தண்ணீர் முகத்தில் அடித்ததும் நினைவுக்கு வருகிறது. அது நிஜமாகவே நினைவா, அவன் சொன்னதால் வந்ததா? கேட்டுப் பார்க்க அக்கா கப்பல் இல்லை. தங்கச்சியும் போய்விட்டாள்.

போன வாரம் பாண்டி பஜாரில் உனக்கு உள்பனியன்களும் கம்பளிச் சாக்ஸும் வாங்கப் போனோமே, அன்று சொல்லிவிடலாம் என்றுதான் கூட வந்தேன். நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து நீ எனக்குக் கரும்புச் சாறு வாங்கித் தந்தாய். நான் வாயைத் திறக்கும் முன்னே நீ சொன்னாய்: "போன ட்ரிப்ல புதுசா வந்த பசங்களுக்கு உங்க கதையைத்தான் சொன்னேன்பா. எல்லாரும் வாயைப் பொளந்து கேட்டாங்க." சாற்றை அப்படியே பெஞ்சில் வைத்தேன். உனக்குக் கீழே இப்போது நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். நீ நின்றால் அவர்களும் நிற்பார்கள். நான் எந்தக் கப்பலில் செய்தேன் என்றே தெரியாத ஒன்றை நம்பி, எனக்கு முகம் தெரியாத நாலு வீட்டுப் பிள்ளைகள் எங்கோ ஒரு கடலில் புகைக்குள் நிற்பார்கள். ஆனால் வெயிலில் உன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "சாக்ஸ் இன்னும் ரெண்டு ஜோடி வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

நீ கோபப்படலாம். உன் வாழ்க்கையை நான் இப்படி ஒன்றின் மேல் கட்டிவிட்டேன் என்று கேட்கலாம். கணக்குப் படித்திருந்தால் இந்நேரம் என்னவாகியிருப்பேன் என்று கேட்கலாம். உனக்கு எஞ்சின் பிடித்திருக்கிறது என்பதை உன் கையைப் பார்த்தாலே தெரிகிறது, வீட்டு மோட்டார் பம்பைக்கூட நீ தொடும் விதமே வேறு. ஆகவே போகாதே என்று சொல்லவில்லை. எதற்காகப் போகிறாய் என்பதை மட்டும் ஒருமுறை உனக்குள்ளேயே கேட்டுக்கொள். அதில் என் கதையைக் கழித்துவிட்டுப் பார். மிச்சம் இருப்பது போதுமானதாக இருந்தால் போ. அது குறைவாக இருந்தால், வியாழக்கிழமைக்குப் பின்னும் நாட்கள் இருக்கின்றன, இந்த முறை போகாவிட்டாலும் பரவாயில்லை.

காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காதர் சொன்னது, என் ஊகம், இந்தக் கடிதம் எழுதப் போவது. "அவன் என்னை மதிக்க மாட்டான்" என்றேன். "திட்டட்டும். உயிரோட இருந்து திட்டட்டும்" என்றாள்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். உன்னைத் தூக்க இறங்கினாரே, அவர் பெயரையும் எண்ணையும் எனக்குக் கொடு. எனக்கு அவருடைய பாஷை தெரியாது, நீ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடு. அவருக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று இன்னும் தெளியவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். இன்னொன்று, அந்தப் புதுப் பையன்களுக்கு என் கதை தப்பு என்று சொல்லிவிடு. முழுவதும் சொல்ல வெட்கமாக இருந்தால், "எங்கப்பா கடைசியில மேலே ஏறி வந்துட்டாராம், அதான் நான் பொறந்தப்ப அவர் இருந்தாரு" என்று மட்டும் சொல். அது எனக்குத் தெரிந்தவரை பொய் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே காதரிடமிருந்து போன் வந்தது. அவனும் தூங்காமல் யோசித்திருக்கிறான்போல.

"அண்ணே, இன்னொண்ணு ஞாபகம் வருது. மேல வந்தப்புறம் நீங்க திரும்பி ஒரு தடவை கீழ இறங்கினீங்களோ? கொஞ்ச நேரம் உங்களைக் காணோம். ஒருவேளை நீங்க போய்ப் பிடிச்சீங்களோ என்னவோ. எனக்குச் சரியாத் தெரியல, ஆனா அப்படியும் இருக்கலாம்ணே."

அவன் நிஜமாகவே நினைத்துப் பார்த்துச் சொன்னானா, அன்று அவன் வீட்டில் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறானா, எனக்குத் தெரியாது. சரி என்று சொன்னால் போதும், இத்தனை பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, வழக்கம்போல உனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடலாம்.

"வேண்டாம் காதர்," என்றேன். "நான் இறங்கல. அப்படியே இருக்கட்டும்."

"நிச்சயமாண்ணே?"

"நிச்சயம் இல்ல. ஆனா பிரபு வியாழக்கிழமை கப்பலேறுறான்."

அந்தப் பக்கம் டீயை ஊதும் சத்தம் கேட்டது. பிறகு காதர், "அப்ப நீங்க இறங்கலண்ணே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏணிகிட்ட என் பக்கத்துலயேதான் நின்னீங்க" என்றான்.

அப்பா